புள்ளடி எங்கே போய்ச் சேர்ந்தது? ஒரு வட்டாரத் தேர்தலின் நிகழ்வு ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றில், ஒரே ஒரு வட்டாரத்தில், 2025 மார்ச்சிலிருந்து ஆண்டு முடிவு வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஆட்கள், கட்சிகள், சபை, ஊர் எதற்கும் பெயர் இல்லை. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். பெயர் போட்டால் படிப்பவர்கள் விடயத்தை விட்டுவிட்டு ஆளைத் தேடத் தொடங்குவார்கள் என்பது என் சொந்த அச்சம். நான் அந்த ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒதுங்கி நின்று பார்த்தவன் அல்ல, ஒரு பக்கம் சாய்ந்திருந்தவன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

எங்கள் வட்டாரத்தில் மூன்று குடியிருப்புகள். குளக்கட்டுக்குக் கீழே பழைய ஊர். வயலும் தென்னையும் உள்ள குடும்பங்கள், போர் முடிந்தபின் முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள். காட்டோரமாக வீட்டுத்திட்டம், வேறு வேறு இடங்களிலிருந்து வந்து காணி பெற்றவர்கள், அதிகமும் கூலி வேலை, பெண்கள் தலைமை தாங்கும் வீடுகள் கணிசம். மூன்றாவது பிரதான வீதிச் சந்தி; பத்துப் பன்னிரண்டு கடைகளும் அவற்றைச் சுற்றிய வீடுகளும். எல்லாமாகச் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் வாக்குகள்.

சபை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோகும் நிலையில் இருந்தோம். 2018 பெப்ரவரி 10இல் தெரிவான சபையின் காலம், ஓராண்டு நீடிப்போடு 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டியிருந்த தேர்தல், பணம் இல்லை என்று நடத்தப்படவில்லை. அப்படி நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. பழைய வேட்புமனுக்கள் சட்டத்தால் இரத்தாகி, 2025 மார்ச்சில் புதிதாக வேட்புமனுக் கோரி, மே 6இல் 339 சபைகளுக்கு வாக்கெடுப்பு நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கு மேல் சபையை அதன் செயலாளரான அரச அலுவலரே நடத்தினார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்று யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்பது ஊருக்குத் தெரியாமல் போயிற்று. எல்லாவற்றுக்கும் கிராம அலுவலரிடமே போனார்கள். பாவம், அவர் கையில் விளக்கும் இல்லை, தண்ணீர் கொண்டுவரும் பவுசரும் இல்லை.

தேர்தல் முறையையும் இரண்டு வரியில் சொல்லவேண்டும், பின்னால் வரும் எல்லாமே அதில்தான் தொங்குகிறது. உறுப்பினர்களில் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும், 40 வீதத்தினர் கட்சிகளின் மொத்த வாக்குக்கு ஏற்ப மேலதிகப் பட்டியலிலிருந்தும் வருவார்கள். வாக்காளருக்கோ ஒரே ஒரு புள்ளடி. வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரும் சின்னமும் இருக்கும். வேட்பாளரின் பெயர் இருக்காது. வட்டாரத்தில் ஆளைப் பார்த்து வாக்களி என்று சொல்லும் முறை, கையில் தருவது சின்னம் மட்டும் உள்ள தாளை.

வேட்பாளர்கள்

எங்கள் வட்டாரத்தில் ஏழு சின்னங்கள் போட்டியிட்டன. அவற்றில் நான்கின் வேட்பாளர்களை ஊர் கடைசிவரை காணவில்லை. மிஞ்சியவர்கள் மூவர்.

முதலாமவர் முன்னாள் உறுப்பினர். ஐம்பது தாண்டிய கமக்காரர், பழைய ஊர்க்காரர். மரண வீடு என்றால் பந்தல் போடுவதற்கு முன்பே அங்கே நிற்பார். 2018இலிருந்து ஐந்து ஆண்டு சபையில் இருந்தவர். "அங்கே போய்க் கதிரையைச் சூடாக்கிவிட்டு வந்தவர், பாதி நாள் அதற்கும் போகாதவர்" என்பது ஊர்ப் பேச்சு. நானும் அதை நம்பினேன். நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

இரண்டாமவர் வீட்டுத்திட்டத்தைச் சேர்ந்த முன்பள்ளி ஆசிரியை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். வட்டார வேட்பாளர்களில் குறைந்தது 10 வீதமும் மேலதிகப் பட்டியலில் 50 வீதமும் பெண்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம். வேட்புமனுக் கடைசி வாரத்தில் ஒரு கட்சி அவரைத் தேடி வந்ததற்கு அதுவே காரணம். வந்தவர்களே அதை மறைக்கவில்லை. அவர் தயங்கினார். சங்கத்துப் பெண்கள்தான் "ரீச்சர், கையெழுத்தை வையுங்கள்" என்று நின்றார்கள்.

மூன்றாமவர் சந்தியில் உரமும் மருந்தும் விற்கும் இளைஞர், சுயேச்சைக் குழு ஒன்றின் வேட்பாளர். சொந்தமாக ஒரு டிப்பர் வைத்திருந்தார். அந்த டிப்பர் பின்னால் ஒரு தலையிடியாக வந்தது.

முதல் தவறும் முதல் முடிவும்

மார்ச் கடைசியில் மாதர் சங்கம் ஒரு கூட்டம் கூட்டியது. வேட்பாளர்கள் எல்லோரையும் ஒரே மேடைக்கு அழைத்துக் கேள்வி கேட்பது, பிறகு சங்கமாக ஒருவரை ஆதரிப்பது என்று பேச்சு வந்தது. யோசனை நல்லது. ஆனால் அழைக்கும் சங்கத்தின் செயலாளரே ஒரு வேட்பாளர். இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. முன்னாள் உறுப்பினரின் தங்கை எழும்பி, "அக்கா, பரீட்சை வைப்பதும் நீங்கள், எழுதுவதும் நீங்களா?" என்று கேட்டபோதுதான் கூட்டம் அமைதியாயிற்று.

ஆசிரியை அன்றே செயலாளர் பொறுப்பை மற்றொருவரிடம் தற்காலிகமாகக் கொடுத்தார். கேள்விக் கூட்டத்தைச் சனசமூக நிலையம் நடத்துவது, எவரையும் ஆதரிப்பதில்லை, பதில்களை எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டுவது என்று முடிவாயிற்று. ஆதரிக்கவேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்ததற்குக் கொள்கை மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். தேர்தல் முடிந்த மறுநாளும் அதே குளத்துத் தண்ணீரைத்தான் பங்கிடவேண்டும். யார் யாரோடு நின்றார் என்பது இங்கே பத்து ஆண்டுக்கு மறக்காது. எப்படியிருந்தாலும் அந்த முதல் கூட்டத்தின் வாடை கடைசிவரை போகவில்லை. "அது ரீச்சரின் ஆட்கள் நடத்துவது" என்ற பேச்சு மே 6 வரை இருந்தது.

சபையின் கை எட்டுவதும் எட்டாததும்

கேள்விகளைச் சேகரிக்க வாசிகசாலை மேசையில் ஒரு கொப்பியை வைத்தோம். ஒரு வாரத்தில் நாற்பது சொச்சம் கோரிக்கைகள் எழுதப்பட்டிருந்தன. ஓர் இரவு நானும் நிலையத் தலைவரும் மாதர் சங்கத்துப் பெண்கள் இருவரும் இருந்து அவற்றைப் பிரித்தோம். இந்த முழு நிகழ்விலும் பயனுள்ள வேலை எது என்று கேட்டால் நான் அந்த இரவைத்தான் சொல்வேன்.

யானை வேலி என்று எட்டுப் பேர் எழுதியிருந்தார்கள். அது வனஜீவராசிகள் திணைக்களம். காணி அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்து வேலை. மக்கள் தெரிவு செய்யும் பிரதேச சபையும் அரச அலுவலகமான பிரதேச செயலகமும் வேறு வேறு என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை, பெயர் அப்படி வைத்தவர்களைத்தான் குறை சொல்லவேண்டும். வயலுக்குள் வன இலாகா போட்ட எல்லைக்கல், அது இன்னோர் இடம். எங்கள் குளம் சிறிய குளம், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் உள்ளது. பிரதான வீதியில் உள்ள பள்ளங்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. பாடசாலைக்குக் கணித ஆசிரியர், வலயக் கல்வி அலுவலகத்துக்கு.

இவற்றையெல்லாம் கழித்தபோது மிஞ்சியவை: உள் ஒழுங்கைகள், வீட்டுத்திட்டத்துக்குப் போகும் கிறவல் வீதியில் உடைந்த மதகு, தெருவிளக்கு, குப்பை, சந்தைக் கொட்டகை, சுடலையும் அதற்குப் போகும் பாதையும், வாசிகசாலை, கோடையில் பவுசர் தண்ணீர். பத்துக்கும் குறைவு.

பட்டியலைப் பார்த்த ஒரு தாய் கேட்டார்: "இவ்வளவுதானா, சேர்? அப்படியென்றால் இவர்களைத் தெரிவு செய்து என்ன பயன்?" எனக்குப் பதில் வரவில்லை. மூலையில் இருந்த கமக்கார அமைப்பின் பெரியவர் சொன்னார்: "மாரியில் ஒரு தடவை சுடலைக்குப் பாடை தூக்கிக்கொண்டு போய்ப் பார் பிள்ளை. பயன் தெரியும்."

கடைசியில் நான்கு கேள்விகள் நின்றன. மதகை எந்த ஆண்டுப் பாதீட்டில் சேர்ப்பீர்கள், சபையிடம் பணம் போதாவிட்டால் யாரிடம் கேட்பீர்கள்? யூலை முதல் செப்டெம்பர் வரை வீட்டுத்திட்டத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் பவுசர் வரும்? விளக்குப் பழுதானால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் மாற்றப்படும்? சபை அமர்வில் நடந்ததை ஊருக்கு எப்போது, எங்கே வந்து சொல்வீர்கள்? ஐந்தாவதாக ஒரு கேள்வி இருந்திருக்கவேண்டும். அது எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதே வேளை, மார்ச் 24இல் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சபைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினேன். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். வீட்டுக்காரர், கூலிக்காரர், யாரும் கேட்கலாம். முன்னாள் உறுப்பினர் எத்தனை அமர்வுகளுக்குப் போனார், எந்தப் பிரேரணைகளைக் கொண்டுவந்தார், எங்கள் வட்டாரத்தில் தெருவிளக்குகள் எங்கெங்கே பொருத்தப்பட்டன என்று மூன்று கேள்விகள். நிலையத்தின் பெயரில் அனுப்பினேன். உள்ளே என்ன நினைப்பு இருந்தது என்றால், வரும் பதிலை அவர் முகத்துக்கு நேரே காட்டவேண்டும் என்பதுதான்.

டிப்பரும் தொலைபேசியும்

சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்கள் முன், சுடலைப் பாதையில் மூன்று டிப்பர் கிறவல் பரவியிருந்தது. கடைக்கார இளைஞரின் டிப்பர். துண்டுப்பிரசுரம் இல்லை, பதாகை இல்லை. ஆனாலும் யாருடைய கிறவல் என்பது மாலைக்குள் மூன்று குடியிருப்புக்கும் தெரிந்துவிட்டது.

வாக்குப் பெறுவதற்காக நன்மை செய்வது தேர்தல் சட்டத்தில் இலஞ்சக் குற்றம். முறைப்பாடு செய்யலாமா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு மணி நேரம் பேசினோம். செய்யவேண்டும் என்றவர்களின் வாதம் தெளிவு: இன்று கிறவல் என்றால் நாளை அரிசிப் பை. வேண்டாம் என்றவர்களும் ஒன்றைக் கேட்டார்கள்: இரண்டு ஆண்டாக யாரும் திரும்பிப் பார்க்காத பாதைக்கு மண் போட்டவனைப் பொலிஸுக்கு இழுத்தால் ஊர் நம்மைப் பற்றி என்ன நினைக்கும்? முறைப்பாடு செய்வதில்லை, கூட்டத்தில் எல்லோர் முன்னும் அவரிடமே கேட்பது என்று முடிவெடுத்தோம். இன்று அந்த முடிவைப் பார்க்கும்போது அதில் நிதானம் பாதி, பயம் பாதி என்றே எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் கவனித்தோம். முன்பெல்லாம் உறவு முறை வீட்டுப் படலையில் வந்து வாக்குக் கேட்கும். இந்தத் தடவை அது தொலைபேசியில் வந்தது. கனடாவில் உள்ள சித்தப்பா, பிரான்சில் உள்ள மைத்துனர் அழைத்து எந்தச் சின்னத்துக்குப் போடவேண்டும் என்று சொன்னார்கள். அவர்கள் ஊரை விட்டுப் போய் இருபது, முப்பது ஆண்டு. மதகு எங்கே உடைந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்புகிறவர் சொன்னால் தட்டுவது எளிதல்ல. ஒரு வீட்டில் கணவன் வழி உறவு ஒரு சின்னம், மனைவி வழி உறவு வேறு சின்னம். வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே, "இரண்டு பேருக்கும் ஓம் என்று சொல்லியிருக்கிறேன், சேர். பெட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் வரப்போவதில்லையே" என்றார்.

கூட்டம்

ஏப்ரல் 20 உயிர்த்த ஞாயிறு. எங்கள் வட்டாரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருப்பதால் அந்த வார இறுதியை விட்டு 26ஆம் திகதி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூட்டம் வைத்தோம். மூவரும் வந்தார்கள். மக்கள் எண்பது பேரளவில். வீட்டுத்திட்டத்திலிருந்து வந்தவர்கள் குறைவு. சனிக்கிழமையும் கூலி வேலை இருக்கும், நான்கு மணிக்கு அவர்கள் இன்னும் தோட்டத்தில்தான் நிற்பார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

முன்னாள் உறுப்பினர் நான்கு கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். மதகைப் பற்றி, "நான் முயற்சி செய்தேன், பணம் வரவில்லை" என்றார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. ஆசிரியை ஒரு கொப்பியோடு வந்திருந்தார். பவுசர் எந்த எந்த இடத்தில் நிற்கவேண்டும், தாங்கிகளை எங்கே வைக்கவேண்டும் என்று வீட்டு வரிசைப்படி சொன்னார். மதகுக்குப் பணம் எங்கிருந்து என்றபோது தடுமாறினார். இளைஞர் வேகமாகப் பேசினார். சபை வருமானத்தைப் பற்றி மூவரிலும் அவருக்குத்தான் தெளிவு இருந்தது. ஆதனவரி எவ்வளவு நிலுவை, சந்தைக் குத்தகை எப்படிப் போகிறது என்று அடுக்கினார்.

கிறவலைப் பற்றிக் கேட்டேன். "சேர், சபை இல்லாத இரண்டு வருடமும் நீங்கள் ஒரு கடிதமாவது எழுதினீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். எழுதியிருக்கவில்லை. அதற்குமேல் என்னால் அந்தக் கேள்வியை அழுத்தமாகக் கேட்க முடியாமல் போனது. அவர் தப்பித்துக்கொண்டார் என்பதும் உண்மை, என்னிடம் பதில் இல்லை என்பதும் உண்மை.

மூவரின் பதில்களையும் எழுதி, அவர்களிடமே கையெழுத்து வாங்கி, வாசிகசாலைச் சுவரில் ஒட்டினோம்.

ஏப்ரல் 30: தபாலில் வந்த பதில்

வாக்கெடுப்புக்கு ஆறு நாள் இருக்கையில் சபையின் தகவல் அலுவலரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கம்.

முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தேன். முன்னாள் உறுப்பினர் தவறவிட்ட அமர்வுகள் மிகச் சில. மதகைத் திருத்தவேண்டும் என்று 2019இல் ஒரு தடவை, 2021இல் ஒரு தடவை பிரேரணை கொண்டுவந்திருக்கிறார். இரண்டாவது தடவை, நிதி கிடைத்தால் செய்வது என்று சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு 2022. டீசலுக்கு வரிசையில் நின்ற ஆண்டு, சீமெந்து வாங்க முடியாத ஆண்டு. கூட்டத்தில் சிரித்தவர்களோடு நானும் உள்ளுக்குள் சிரித்திருந்தேன்.

இரண்டாம் பக்கம் வேறு கதை. ஐந்து ஆண்டில் வட்டாரத்துக்கு வந்த இருபத்திரண்டு விளக்குகளில் வீட்டுத்திட்டத்துக்குப் போனது ஒன்றே ஒன்று. மிச்சம் பழைய ஊரிலும் சந்தியிலும். அவருடைய சொந்த ஒழுங்கையில் மட்டும் நான்கு.

அன்றிரவு நிர்வாகக் குழு கூடியது. ஒருவர், இவ்வளவு கிட்டத்தில் எதையும் ஒட்டவேண்டாம் என்றார். இன்னொருவர் விளக்குப் பக்கத்தை மட்டும் ஒட்டலாம் என்றார். அவர் யாருக்கு வாக்களிக்கப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் ஆசிரியைக்கு வாக்களிக்க முடிவெடுத்திருந்தேன். அந்த முதல் பக்கம் அவருக்கு நன்மை செய்யாது என்பதும் தெரிந்தது. ஆனால் கேள்வியை அனுப்பியது நிலையம், பதில் வந்தது நிலையத்துக்கு. பாதியை மறைத்தால், அந்தப் பதில் வேறு விதமாக வந்திருந்தால் முழுவதையும் ஒட்டியிருப்போம் என்பது அடுத்த நாளே ஊருக்குப் புரிந்துவிடும். இரண்டு பக்கத்தையும் அப்படியே, ஒரு வரி விளக்கமும் எழுதாமல் ஒட்டுவது என்று முடிவாயிற்று. மே 1 காலை ஒட்டினோம்.

மே 6

காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. வாக்குகளை வாக்களிப்பு நிலையத்திலேயே எண்ணும் முறை என்பதால் விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் முடிவு தெரிந்தது. முன்னாள் உறுப்பினர் வென்றார். ஆசிரியை பதினெட்டு வாக்குகளால் இரண்டாவது. இளைஞர் மூன்றாவது. வென்றவருக்குக் கிடைத்தது பதிவான வாக்கில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்.

பதினெட்டு வாக்கு. அந்தக் கடிதத்தின் முதல் பக்கம் பத்துப் பேரின் மனத்தை மாற்றியிருந்தாலே அது போதும். மாற்றியதா என்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டு நாள் கழித்து ஆசிரியை வாசிகசாலைக்கு வந்தார். பேப்பரைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "சேர், அதை ஒரு கிழமை கழித்து ஒட்டியிருக்கலாம், இல்லையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் தேநீர் வாங்கி வரச் சொன்னேன்.

கேட்காமல் விட்ட கேள்வி

வட்டாரத்தில் தோற்றாலும் ஆசிரியைக்கு விழுந்த வாக்குகள் வீண் போகாது என்று வீட்டுத்திட்டத்தில் நம்பிக்கை இருந்தது. நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. கட்சியின் மொத்த வாக்கில் அவையும் சேரும். சபை முழுவதையும் பார்த்தால் அந்தக் கட்சிக்குப் பட்டியலில் இரண்டு ஆசனம் கிடைத்தது. பட்டியல் ஆசனத்துக்குக் கட்சிச் செயலாளர், மேலதிகப் பட்டியலில் உள்ளவரையும் நியமிக்கலாம், வட்டாரத்தில் தோற்றவரையும் நியமிக்கலாம். பதினெட்டு வாக்கில் தோற்றவர், பெண், கட்சிக்கு இந்தப் பக்கத்தில் இருந்த ஒரே முகம். அவருக்குத்தான் வரும் என்று கணக்குப் போட்டோம்.

பெயர்கள் வந்தன. இரண்டும் ஆண்கள், இரண்டும் பிரதேச செயலகத்துக்குப் பக்கத்துச் சிறு நகரைச் சேர்ந்தவர்கள்.

சட்டத்தில் பிழை இல்லை. சபையில் 25 வீதம் பெண்கள் இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் மொத்த வாக்கில் 20 வீதத்துக்குக் குறைவாகப் பெற்று, மூன்றுக்குக் குறைந்த உறுப்பினர்களே கிடைத்த கட்சியை அந்தக் கட்டாயம் பிடிக்காது. அந்தக் கட்சி சரியாக அந்தப் பொந்துக்குள் இருந்தது. வேட்புமனுத் தாளை நிரப்பப் பெண் தேவைப்பட்டது. ஆசனத்தை நிரப்பத் தேவைப்படவில்லை.

நாங்கள் ஒரு மாதம் முழுவதும் ஆளைத் தேர்வது பற்றிப் பேசினோம். அமர்வு வரவு, விளக்குக் கணக்கு, கொப்பியில் உள்ள வீட்டு வரிசை எல்லாம் ஆளைப் பற்றியவை. வாக்குச்சீட்டில் ஆள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், "இந்த வட்டாரத்தில் தோற்றுப் பட்டியலில் ஆசனம் கிடைத்தால் அதை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று மூன்று அணிகளில் ஒன்றிடமும் கேட்கவில்லை. வேட்பாளரிடம் கேட்டுப் பயன் இல்லை. அது அவர் கையில் இல்லை. கட்சியின் மாவட்டப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேட்டிருக்கவேண்டும். பதில் தந்திருப்பாரா என்பது வேறு. தராமல் விட்டிருந்தால் அதையும் சுவரில் ஒட்டியிருப்போம்.

பின்னர் நடந்தவை

சபையின் காலம் யூன் 2இல் தொடங்கியது. எந்தக் கட்சிக்கும் பாதி இல்லை. தவிசாளரைத் தெரிவதற்கு நடந்த பேரங்களை இங்கே எழுதுவதில் பயன் இல்லை, எங்கள் மதகுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கவில்லை.

வென்றவரின் கையெழுத்துள்ள தாள் சுவரிலேயே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நிரலை வரைந்து, நடந்ததைத் திகதியோடு எழுதத் தொடங்கினோம். இது ஆசிரியையின் யோசனை; எழுதுவதும் பெரும்பாலும் அவரே. வாரம் இரண்டு தடவை என்ற பவுசர் ஒரு தடவை வந்தது, ஆனால் தவறாமல் வந்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் வீட்டுத்திட்டத்தில் நான்கு விளக்குகள் எரிந்தன. சுவரில் இருந்த இரண்டாம் பக்கம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் வாசிகசாலைக்கு வருவேன் என்றவர் ஆறு மாதத்தில் மூன்று தடவை வந்தார். ஒரு தடவை கோபமாக வந்தார்: "ஐயா, வராத நாளை மட்டும் சிவப்பு மையில் எழுதுகிறீர்கள்." நீல மைக்கு மாற்றினோம்.

ஆசிரியையும் சங்கத்துப் பெண்கள் இருவரும் முன்கூட்டி அறிவித்துவிட்டு ஓர் அமர்வைப் பார்க்கப் போனார்கள். அவர் கட்சியின் பட்டியல் உறுப்பினர்கள் இருவரும் அன்று வந்திருக்கவில்லை.

மாற்றிச் செய்யவேண்டியவை

தகவல் விண்ணப்பத்தைத் தேர்தல் அறிவித்தபின் போட்டது பெரிய பிழை. பதினான்கு வேலை நாள், நடுவில் பண்டிகை விடுமுறை, தபால் நாள் எல்லாம் சேர்ந்து பதிலை வாக்குப்பெட்டியின் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது. அமர்வு வரவை ஆண்டுக்கு ஒரு தடவை, தேர்தல் இல்லாத காலத்தில் கேட்டு வைத்திருந்தால் ஊர்ப் பேச்சும் அவ்வளவு வளர்ந்திருக்காது, நானும் அதை நம்பியிருக்கமாட்டேன்.

கூட்டமும் பிந்திவிட்டது. ஏப்ரல் 24இலேயே தபால்மூல வாக்களிப்புத் தொடங்கிவிட்டது. எங்கள் வட்டாரத்து ஆசிரியர்களும் அலுவலர்களும் சிலர் நாங்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே புள்ளடி போட்டு முடித்திருந்தார்கள். இடமும் நேரமும் வீட்டுத்திட்டத்தின் பக்கம் போயிருக்கவேண்டும். இருட்டியபின், அவர்களுடைய பொதுநோக்கு மண்டபத்தில்.

கிறவல் விடயத்தில் இன்றும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. அடுத்த தடவை, வேட்புமனுத் தொடங்கும் நாளிலேயே மூன்று அணிக்கும் ஒரு கடிதம் கொடுத்து, அதற்குப் பிறகு யார் எதைக் கொட்டினாலும் முறைப்பாடு போகும் என்று சொல்லிவிடலாம் என்று தலைவர் சொல்கிறார். முதலே சொல்லிவிட்டால் ஒருவரைக் குறிவைத்ததாக இராது என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகவே தெரிகிறது.

ஆண்டு முடிவில் நிலை

மதகைத் திருத்துவதற்கு 2026 பாதீட்டு முன்மொழிவில் ஒரு தொகை சேர்க்கப்பட்டது. முன்னாள் உறுப்பினர், இப்போது மறுபடியும் உறுப்பினர், தன் 2021 பிரேரணையைக் காட்டியே அதைச் சேர்ப்பித்தார். நிரலில் ஆசிரியை அந்தத் திகதியை எழுதினார்.

நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் வீட்டுத்திட்டத்து வீதியை வெட்டிக்கொண்டு போனது. சுடலைப் பாதையின் மூன்று டிப்பர் கிறவல் அதற்கு முன்பே, முதல் மாரி மழையோடு வயலுக்குள் இறங்கிவிட்டிருந்தது. டிசெம்பரில் சபையின் தொழில்நுட்ப அலுவலர் வந்து அளந்தார். பாதீட்டில் இருப்பது உடைந்த மதகைத் திருத்தும் தொகை; இப்போது அந்த இடத்தில் திருத்துவதற்கு மதகு இல்லை. புதிய மதிப்பீடு தயாராகிறது. சுவரில் அந்த வரிக்கு எதிரே ஆசிரியை அளந்த திகதியை எழுதி, அடுத்த கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.